பிரஷர் பார்க்கும்போதே குடியைப் பற்றியும் கேட்பது எப்படி? வடசென்னை சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையில் எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். குடியால் வந்த தொந்தரவு என்று சொல்லி யாரும் ஓபி சீட்டு வாங்குவதில்லை. நெஞ்செரிச்சல், தூக்கமில்லை, பாதம் எரிகிறது, கீழே விழுந்துவிட்டேன், மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லை என்றுதான் வருவார்கள். அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினால், அடுத்த மாதம் அதே நெஞ்செரிச்சலோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

செவிலியராகவோ மருத்துவராகவோ ஆலோசகராகவோ இங்கே புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடி என்றதும் நம் மனதில் வருபவர் கடை வாசலில் விழுந்து கிடப்பவர். அவருக்கும் உதவி வேண்டும். ஆனால் நம் ஓபி வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானவர்கள் அவரைப் போன்றவர்கள் இல்லை. ஒழுங்காக வேலைக்குப் போகிறார்கள், வீட்டுக்குப் பணம் கொடுக்கிறார்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அளவு மீறுகிறது. இன்னும் அடிமையாகவில்லை, உடம்பு மட்டும் கெட ஆரம்பித்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவரிடம் ஐந்து பத்து நிமிடம் பேசினால் பலன் கிடைக்கிறது. இவரை யாரும் நோயாளியாக நினைப்பதில்லை, அவரும் நினைப்பதில்லை. அதனால் இவரைக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது.

2019-இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குள் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது குடிப்பதாகச் சொன்னது. அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் வந்த பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறது. இத்தனை பேரையும் மனநல மருத்துவர்களே பார்த்து முடிக்க வழியில்லை. முதல் கதவு நம் நிலையத்துக் கதவுதான்.

எல்லாரிடமும் கேளுங்கள்

யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் நம் கண்ணே நம்மை ஏமாற்றிவிடும். அழுக்குச் சட்டையில் வருபவரிடம் கேட்போம், இஸ்திரி போட்ட சட்டைக்காரரை விட்டுவிடுவோம். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவரிடம் கேட்போம், வாத்தியாரிடம் கேட்க மாட்டோம். பெண்களிடம் கேட்கவே மாட்டோம். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு, உடம்பு வலிக்கு என்று ராத்திரி கொஞ்சம் போட்டுக்கொள்ளும் வயதான பெண்கள் இந்தப் பக்கம் உண்டு. அவர்களை யாரும் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள்.

ஆகவே 18 வயது தாண்டிய யார் வந்தாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது, சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற நேரத்தில் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்னப் பாத்தா குடிகாரன் மாதிரி தெரியுதா?" என்ற கோபத்துக்கு அப்போது இடமிருக்காது. "இங்க வர்ற எல்லாரையும் கேக்குறோம்ணா" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும்.

சிலரிடம் வருடம் முடியும் வரை காத்திருக்காமல் மறுபடி கேட்க வேண்டும். மூன்று மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்காதவர், காலையில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகிறவர், திங்கட்கிழமை தோறும் காயத்தோடு வருபவர், காசநோய் மாத்திரையை விட்டுவிட்டு விட்டுவிட்டுப் போடுகிறவர், இரண்டு கால் பாதமும் எரிகிறது என்பவர். பிரஷர் பட்டை கட்டும்போது நீட்டிய கையையும் பாருங்கள். காலை முதல் ஆளாக வந்து நிற்பவரின் விரல்கள் லேசாக நடுங்கி, உள்ளங்கை வியர்த்திருந்தால் வயசானதால் என்று தள்ளிவிடாதீர்கள்.

எங்கே வைத்து, எப்படிக் கேட்பது

தனி அறை பல நிலையங்களில் கிடைக்காது. வரிசையில் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் ஒரே தெருக்காரர். அதனால் பிரஷர் பார்க்கிற மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வந்தவர் முகம் சுவரைப் பார்த்து இருக்கட்டும், உங்கள் குரல் அவர் காதோடு நின்றுவிடட்டும். மனைவி கூட வந்திருந்தால் அவர்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார், கணவர் தலையைக் குனிந்துகொள்வார். அதற்கப்புறம் அன்றைக்கு அவரிடமிருந்து எதுவும் வராது. "அக்கா, இந்தச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்று அனுப்பிவிட்டுக் கேளுங்கள். மனைவியிடம் தனியாகப் பேச வேண்டியதும் உண்டு. வீட்டில் கை ஓங்குகிறாரா என்று கேட்டு, தேவைப்பட்டால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு வேறு, அதைக் கணவர் எதிரில் தொடங்கக் கூடாது.

வயதுக்குத் தக்கபடி அண்ணா, ஐயா, தம்பி, அக்கா, அம்மா. யாராக இருந்தாலும் வாங்க போங்கதான். குடிக்கிற ஆள் என்று தெரிந்ததும் நம்மையறியாமல் "நீ" என்று இறங்கிவிடும் நாக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு எழுத்துக்காகவே திரும்பி வராமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "இல்ல சிஸ்டர்" என்று முடிந்துவிடும். சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். உப்பு, ஊறுகாய், கருவாடு எப்படி, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு, தூக்கம் வருகிறதா, பீடி சிகரெட் உண்டா, ஹான்ஸ் மாவா ஏதாவது வைப்பீர்களா என்று வந்து, அதே மூச்சில், "சரக்கு எப்பவாவது போடுவீங்களாண்ணா? கடைசியா எப்போ போட்டீங்க?" என்று கேளுங்கள். கடைசியாக எப்போது என்ற கேள்விக்கு ஆட்கள் யோசித்து உண்மையைச் சொல்வதைப் பார்க்கலாம்.

மில்லியில் கணக்கு

"கொஞ்சமாத்தான் சிஸ்டர்", "லைட்டா" என்பதெல்லாம் கணக்கு இல்லை. அவர் பேசுகிற அளவிலேயே கேளுங்கள்: கட்டிங்கா, குவார்ட்டரா, பீரா? தனியாகவா, பங்கு போட்டா?

உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளில் ஒரு அளவு என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அப்படியானால் 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் இருக்கிறது, அதாவது 6 அளவு. 90 மில்லி கட்டிங் 3 அளவு. 375 மில்லி ஆஃப் பாட்டில் 12-ஐத் தாண்டும். 650 மில்லி பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் இரண்டரை அளவு, 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 4 அளவு. "பீர்தானே, அது சரக்கா?" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தவர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டார்.

இதை ஒரு அட்டையில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டால் மனக்கணக்கு போட வேண்டியதில்லை.

மூன்று கேள்வி, மதிப்பெண்

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் கேள்வித்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். கூட்ட நேரத்தில் பத்தையும் எல்லாரிடமும் கேட்க முடியாது. முதல் மூன்றை மட்டும் கேட்டால் போதும், அதற்கு ஆடிட்-சி என்று பெயர், மொத்தம் 12.

எத்தனை நாளைக்கு ஒரு முறை? ஒருபோதும் இல்லை என்றால் 0, மாதம் ஒரு முறையோ அதற்குக் குறைவோ 1, மாதம் 2 முதல் 4 முறை 2, வாரம் 2, 3 முறை 3, வாரம் 4 முறையோ அதற்கு மேலோ 4. குடிக்கிற நாளில் எத்தனை அளவு? 1, 2 என்றால் 0, 3, 4 என்றால் 1, 5, 6 என்றால் 2, 7 முதல் 9 வரை 3, 10-ஓ அதற்கு மேலோ 4. ஒரே நேரத்தில் 6 அளவோ அதற்கு மேலோ, நம் பாஷையில் ஒரு முழு குவார்ட்டரோ அதற்கு மேலோ, எத்தனை நாளைக்கு ஒரு முறை? ஒருபோதும் இல்லை 0, மாதம் ஒன்றுக்கும் குறைவு 1, மாதம் ஒரு முறை 2, வாரம் ஒரு முறை 3, கிட்டத்தட்ட தினமும் 4.

ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே மீதி ஏழு கேள்விகளையும் கேட்க வேண்டும்.

இந்தப் பக்கம் அடிக்கடி காதில் விழும் ஒரு பதிலைப் போட்டுப் பாருங்கள்: "டெய்லி எல்லாம் இல்ல சிஸ்டர், சண்டே மட்டும் ஒரு குவார்ட்டர்." மாதம் நான்கு முறை, 2. ஆறு அளவு, 2. வாரம் ஒரு முறை முழு குவார்ட்டர், 3. மொத்தம் 7. தன்னை ரொம்பக் கட்டுப்பாடான ஆள் என்று நம்புகிறவருக்கு 12-க்கு 7. அவர் பொய் சொல்லவில்லை. தினமும் குடிப்பவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். மதிப்பெண் இல்லாமல் நாமும் அவரோடு சேர்ந்து தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவோம்.

பத்துக் கேள்விகளும் முடிந்தால் கணக்கு இப்படி: 7 வரை என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். 8 முதல் 15 வரை ஆபத்தான குடி, நாமே உட்கார்ந்து பேச வேண்டும். 16 முதல் 19 வரை உடம்பும் வாழ்க்கையும் கெடத் தொடங்கிவிட்டன, பேசுவதோடு தொடர்ந்து வரவழைக்க வேண்டும். 20-ஓ அதற்கு மேலோ என்றால் அடிமை நிலையாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நோயாளி கையில் போகிற நோட்டில் "குடிகாரர்" என்று எழுதாதீர்கள். அந்த நோட்டை வீட்டில் எல்லாரும் புரட்டுவார்கள், மகளுக்கு வரன் பேச வருகிறவர் கண்ணிலும் படும். "ஆடிட் 14" என்று எழுதினால் நமக்குப் புரியும், அது போதும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிற உரிமையும்கூட. குடியும் போதையும் தொடர்பான மனநிலைகள் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

ஐந்து நிமிடப் பேச்சு

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மதிப்பெண் வந்ததும் கை நீட்டிப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவோம். ஈரல் வெந்துவிடும், செத்துப்போவீர்கள், பிள்ளை குட்டியை நினைத்துப் பாருங்கள். இதை எல்லாம் அவர் வீட்டில் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாமும் அதையே சொன்னால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவார், அடுத்த முறை "விட்டுட்டேன் சிஸ்டர்" என்று பொய் சொல்வார்.

அவர் எதற்காக வந்தாரோ அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு பேச்சு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர், 44 வயது, பிரஷர் 160/100, ஆடிட் 13.

"அண்ணா, நீங்க சொன்ன கணக்கு 13 வருது. 8 தாண்டினாலே உடம்பைப் பாதிக்கும்னு சொல்றாங்க. உங்க பிரஷர் இறங்காததுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. இதப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"பேசுங்க."

"சரக்குல உங்களுக்குப் பிடிச்சது என்ன?"

"நாள் பூரா எண்ணூர் ரோட்ல வண்டியோட நிக்கணும் சிஸ்டர். ராத்திரி போட்டாத்தான் தூக்கம்."

"சரி. பிடிக்காதது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "காலைல தல பாரமா இருக்கு. போன மாசம் ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒருத்தர் மேல ஏத்தப் பாத்தேன்."

இங்கே நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டாம். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்: "தூக்கத்துக்காகப் போடுறீங்க, ஆனா அதனாலயே வண்டியில பயம் வந்திருக்கு." அப்புறம் கேளுங்கள்: "இதுல எதையாவது மாத்தணும்னா எதை மாத்துவீங்க?" முதலில் பிடித்ததைக் கேட்டு, பிறகு பிடிக்காததைக் கேட்பதில் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். நாம் சொன்ன காரணத்தை வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவார்.

என்ன செய்வது என்று அவரே யோசிக்கத் தொடங்கியதும் சில வழிகளைக் காட்டலாம். சம்பள நாளில் பணத்தை முதலில் வீட்டில் கொடுத்துவிட்டு வெளியே போவது. கடை இருக்கிற தெருவை விட்டு வேறு வழியாக வீட்டுக்குப் போவது. பாட்டிலை வீட்டில் வைக்காமல் இருப்பது. வெறும் வயிற்றில் தொடாமல் இருப்பது. வாரத்தில் இத்தனை நாள் கிடையாது என்று முடிவு செய்வது. எதை எடுப்பது என்பது அவர் விருப்பம். கட்டிங்கோடு நிறுத்தினால் சரியா என்று கேட்பார்கள். குவார்ட்டரிலிருந்து கட்டிங்குக்கு இறங்கினால் ஆபத்து குறையும் என்று சொல்லலாம், இந்த அளவு பாதுகாப்பானது என்று மட்டும் சொல்லக் கூடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள், காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள், மஞ்சள் காமாலை வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள் முழுதாகத் தவிர்க்க வேண்டும் என்பதில் பேரம் இல்லை.

"என்னால முடியாது" என்பவரிடம், மாலை போட்டீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு மண்டல விரதம் முழுக்கத் தொடாமல் இருந்தவர் இருப்பார். தவக்காலத்தில் நிறுத்தியவர், நோன்பு மாதத்தில் நிறுத்தியவர் இருப்பார். "அப்போ எப்படி முடிஞ்சுது? யார் கூட இருந்தீங்க? சாயங்காலம் என்ன பண்ணீங்க?" முடியாது என்றவரே முடிந்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். அந்தக் கதையில்தான் அவருக்கான வழி இருக்கும்.

இதெல்லாம் பலிக்குமா என்ற சந்தேகம் வருவது இயல்பு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆடிட் 12 முதல் 19 வரை இருந்த ஆண்கள் 377 பேர். மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் இவர்களில் பாதிப் பேரிடம் ஒரு சிலமுறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்து எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள். அந்தப் பேச்சு கிடைக்காத மற்றவர்களில் 26 சதவீதம். பத்து சதவீத வித்தியாசம்தான், ஆனால் நூறு பேரில் பத்து குடும்பம் என்று நினைத்துப் பாருங்கள்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. சரக்கு போட்ட அன்றைக்கு மாத்திரை போடக் கூடாது என்று பலரும் நம்புகிறார்கள். அதனால் வாரத்தில் மூன்று நாள் பிரஷர் மாத்திரை விடுபடுகிறது, காசநோய் மாத்திரையும் விடுபடுகிறது. இந்த இரண்டையும் தானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை எழுதினால் அது முடியும் வரையும், முடிந்து சில நாளும் சரக்கு கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம், வீட்டார் போதை என்று நினைத்துப் படுக்க விட்டுவிடுவார்கள். தூக்க மாத்திரையும் சரக்கும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

"இன்னைக்கே நிறுத்துங்க" என்று யாரிடம் சொல்லக் கூடாது

தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவர், காலையில் கை நடுக்கத்துக்காகவே ஒரு கட்டிங் போடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு சிலருக்கு மனக்குழப்பம் வரும். ஆள் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், காய்ச்சல் ஏறும். பேய் பிடித்துவிட்டது என்று வேறு எங்காவது கூட்டிப்போய் நேரத்தை இழப்பவர்கள் உண்டு.

எனவே மூன்றைக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா? இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? குழப்பமாகப் பேசியதாக வீட்டில் சொன்னார்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வீட்டில் நிறுத்தச் சொல்லாமல், மருத்துவமனையில் வைத்து நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். மாலை போடப் போவதாகச் சொல்பவரிடமும் இதைக் கேளுங்கள். நல்ல எண்ணத்தோடு மாலை போட்டு, மறுநாளோ மூன்றாம் நாளோ வலிப்போடு வருபவர்களைப் பார்ப்பீர்கள். தினமும் குடித்து, சரியாகச் சாப்பிடாமல் இருப்பவருக்கு குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டத் தயங்காதீர்கள். இல்லாவிட்டால் மூளை பாதிக்கும்.

குடித்த சில மணி நேரம் கழித்துப் பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு இரைக்கிறது என்றால் சாதாரண போதை என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே 108. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீக்கிரம் வந்து சேர்ந்தால்தான் காப்பாற்ற முடியும்.

இன்னொன்று. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க மாத்திரை எழுதித் தரும்படி மனைவிமார் அழுதுகொண்டே கேட்பார்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அது நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. விளம்பரம் போட்டு விற்கும் பொடிகளையும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த அம்மாவின் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

கஞ்சா, மாத்திரை, ஊசி

சரக்கைப் பற்றிக் கேட்ட கையோடு இன்னொரு கேள்வி: "போன ஒரு வருஷத்துல கஞ்சாவோ, இல்ல டாக்டர் சொல்லாம போதைக்காக மாத்திரையோ எத்தனை தடவை எடுத்திருப்பீங்க?" ஒரு தடவை என்று பதில் வந்தாலும் மேற்கொண்டு கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அசிஸ்ட் கேள்வித்தாள் ஒவ்வொரு பொருளுக்கும் தனி மதிப்பெண் தரும். மது அல்லாத பொருட்களுக்கு 4 முதல் 26 வரை நாம் பேச வேண்டியவர்கள், 27-ஓ அதற்கு மேலோ அனுப்ப வேண்டியவர்கள்.

இந்தப் பக்கத்து இளைஞர்களிடம் கஞ்சாவுக்கு அடுத்து கவலை தருவது வலி மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் போதைக்கு எடுப்பது, அதிலும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது. விழுங்குவதற்குச் செய்த மாத்திரையின் மாவு ரத்தக் குழாயை அடைக்கும், கையில் சீழ் வைக்கும், கிருமி ரத்தத்தில் கலந்து இதயம் வரை போகும். முழங்கை மடிப்பில் கட்டியோடு வருகிற தம்பியிடம் கொசு கடித்ததா என்று கேட்டுவிட்டு மருந்து கட்டி அனுப்பாதீர்கள். "ஊசி போட்டுக்கிட்ட இடமா தம்பி? வேற யாரோடயும் ஊசி மாத்திக்கிட்டீங்களா?" என்று அமைதியாகக் கேட்டு, அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனைக்கும், கூடவே ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைக்கும் வழி செய்யுங்கள்.

மயங்கிக் கிடப்பவரின் மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, உதடு நீலமாகியிருந்தால் 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனியுங்கள். வலி மாத்திரை போதையால் வந்த இந்த மயக்கத்தை முறிக்கும் நலோக்சோன் மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று சேர்ந்த முதல் நாளே மருந்தாளுநரிடம் கேட்டு வையுங்கள்.

போதைப்பொருள் விஷயத்தில் ஒரு முறை பேசியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் பாஸ்டனிலும் சியாட்டிலிலும் ஆரம்ப சுகாதார மையங்களுக்கு வந்தவர்களிடம் செய்த இரண்டு ஆய்வுகள் 2014-இல் வந்தன. குடிக்குப் பலன் தரும் இந்தக் குறும்பேச்சு, போதைப்பொருள் உபயோகத்தைக் குறைக்கவில்லை என்று இரண்டுமே காட்டின. எனவே கேட்பதை நிறுத்த வேண்டாம், ஆனால் கேட்ட கையோடு சிகிச்சைக்குக் கொண்டு சேர்ப்பதிலும் திரும்பத் திரும்ப வரவழைப்பதிலும் அதிக நேரம் போடுங்கள்.

"சொன்னா போலீஸ் வருமா?" என்பதுதான் அந்தத் தம்பியின் முதல் பயம். நாம் தகவல் கொடுக்கிறவர்கள் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்குச் சொந்த உபயோகம், சிறிய அளவு சார்ந்த குற்றங்களில் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அனுப்புவது என்றால் கொண்டு சேர்ப்பது

"ஸ்டான்லிக்குப் போங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போக மாட்டார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அந்தப் பெரிய வளாகத்தில் எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை மணிக்குள் சீட்டு போட வேண்டும் என்று தெரியாமல் வாசலோடு திரும்பிவிடுவார்கள். மனநலப் பிரிவு ஓபி நாளும் நேரமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட யார் போவார்கள், அன்றைய கூலி போனால் சமாளிப்பாரா, காலையில் நடுக்கம் வந்தால் என்ன செய்வார் என்று சேர்ந்து பேசி நாளைக் குறியுங்கள். உள்நோயாளியாக இருக்க வேண்டியவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் வந்திருக்கின்றன. தனியார் மறுவாழ்வு மையத்தில் விடப்போவதாகச் சொன்னால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடித்து, கட்டிவைத்துத் திருத்துவோம் என்று பேசும் இடத்தில் யாரையும் விடக் கூடாது.

நேரில் வரத் தயங்குபவருக்குப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம், 14416-இல் தமிழில் பேசலாம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் சென்னையில் தமிழில் நடக்கின்றன, கட்டணம் இல்லை.

மறுபடி வரும் நாள்

இரண்டு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள், பிரஷர் மாத்திரை வாங்கும் நாளோடு சேர்த்து. மறுபடி குடித்துவிட்டதாகச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். எந்த நாள், யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டு, அந்த இடத்துக்கு மட்டும் புது வழி யோசியுங்கள். விசைப்படகில் போகிறவர்களுக்குக் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்கள் கரையில் இருப்பார்கள், கையில் வேலையும் இருக்காது. அந்த 61 நாளில் குடி கூடுகிறவர்களும் உண்டு, சிகிச்சைக்கு நேரம் கிடைக்கிறவர்களும் உண்டு. முன்கூட்டியே பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

வராதவரைத் தேடச் சொல்லி மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் அக்காவிடம் கேட்கலாம், வீடு வீடாக மாத்திரை கொண்டுபோவது அவர்தான். "பிரஷர் பாக்க சிஸ்டர் வரச் சொன்னாங்க" என்பதற்கு மேல் வாசலில் ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் அதே மூன்று கேள்விகளை மறுபடி கேட்டு, புது மதிப்பெண்ணைப் பழையதன் பக்கத்தில் தேதியோடு எழுதி, இரண்டையும் அவருக்குக் காட்டுங்கள்.